அச்சு கை மாறிய தெரு

கடலுக்கும் தேரிக்காட்டுக்கும் நடுவே, ஒரு பக்கத்திலிருந்து உப்புக்காற்றும் மறுபக்கத்திலிருந்து செம்மண் புழுதியும் வந்து கூடுகிற இடத்தில், சவேரியார் கோயில் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் ஒரு டிசம்பர் மாதம், இரண்டு வீட்டுக்கு நடுவே நிற்கும் குட்டைச் சுவரின் ஓரத்தில், ஒரு செடி அச்சு முறுக்குப் பூத்தது.

அதற்கு முன்னால் அந்தத் தெருவில் அச்சு முறுக்கு எப்படிச் சுட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் செடி பூத்ததில் என்ன வருத்தம் என்று கேட்பீர்கள்.

தெரு முழுமைக்கும் ஒரே அச்சுதான். யாரோ கொழும்புக்குக் கப்பலில் போனவர் கொண்டுவந்த பித்தளை அச்சு, நடுவே ஒரு வட்டம், அதைச் சுற்றி இதழ், அந்த இதழைச் சுற்றி இன்னும் பெரிய இதழ், மேலே நீளமான கம்பி. கடையில் புது அச்சு வாங்கிப் பார்த்தவர்களும் உண்டு, ஆனால் புது அச்சு மாவைப் பிடித்தால் விடாது, ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தால் பூ பூவாக வராமல் தூள் தூளாக வரும். பழைய அச்சு அப்படி இல்லை, எண்ணெயில் முக்கி மாவில் முக்கி மறுபடி எண்ணெயில் இறக்கி லேசாக ஒரு உதறு உதறினால் போதும், பூ தானாகக் கழன்று மிதக்கும். ஒரே ஒரு நிபந்தனை, அச்சு ஆறக்கூடாது. ஆறிப்போனால் அதுவும் முரண்டு பிடிக்கும், மறுபடி பழக்க அரைநாள் ஆகும். அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் பிறந்ததும், கோயில் சாமான் அறையிலிருந்து அச்சை எடுத்து, முதல் வீட்டில் சுட்டு முடித்த சூட்டோடு அடுத்த வீட்டின் புறவாசலுக்குக் கொண்டுபோய், துணி சுற்றிய கம்பியை ஒருத்தி நீட்ட, வேறு துணியோடு இன்னொருத்தி வாங்க, அடுத்த வீட்டு எண்ணெய் அப்போதே காய்ந்துகொண்டிருக்க, இப்படிக் கோயிலடியில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் வீடு வீடாக அந்த அச்சு சூடு ஆறாமல் போகும்.

கொடுக்கிறவள் "சூடு, பாத்து" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவள் "பிடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சொல்லாமல் கொடுத்தால் கை வெந்துபோகும் அல்லவா, அதனால் சொன்னார்கள். சண்டை போட்டவர்களும் சொன்னார்கள், வழக்குப் போட்டவர்களும் சொன்னார்கள், வருடம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் அந்த ஒரு நாள் இந்த இரண்டு வார்த்தையையாவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

எமரன்சிக்கும் தெக்கிளாவுக்கும் பேச்சு என்று இருந்தது அது ஒன்றுதான்.

தெக்கிளா எமரன்சியின் புருஷனுக்கு அக்காள், எமரன்சிக்கு மைனி. குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் எமரன்சி வீடு, அந்தப் பக்கம் தெக்கிளா வீடு. தெக்கிளா தையல் தைப்பவள், தெருவில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுப்பாள், இடுப்பைச் சுற்றி சாட்டின் ரிப்பனில் ரோஜா செய்து வைப்பாள். ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி, அடியில் ஒரு தையல் போட்டு, ஓரத்தை விரலால் விரித்துவிட்டால் பூ. தன் மகள் ஜெனோவாவுக்கு அவள் தைத்த கவுனில் மற்றப் பிள்ளைகளுக்கு வைத்ததைவிட அதிகப் பூ வைத்தாள். அந்தக் கவுனைப் போடுவதற்கு முன்னால் ஜெனோவா காய்ச்சலில் போய்விட்டாள்.

புதுநன்மைக் கவுன் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தம் இல்லை, ஒரு பிள்ளை போட்டதை மறு வருடம் இன்னொரு பிள்ளை போடும், கேட்பதிலும் வெட்கம் இல்லை, கொடுப்பதிலும் பெருமை இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் எமரன்சி கேட்டாள். ஜெனோவாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த தெக்கிளாவின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"மைனி, அந்தக் கவுன் பெட்டியில கெடந்து பூச்சிதான அரிக்கும். நம்ம விமலிக்கு இந்த வருசம் புதுநன்ம. குடுத்தா பிள்ளைக்கு ஆவும்லா."

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இன்னும் சொன்னால், ஜெனோவாவின் கவுனைத் தன் மகள் போட்டால் ஜெனோவாவே பீடத்துக்குப் போன மாதிரி மைனிக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்றுகூட அவள் நினைத்தாள். வாயில் வந்தது பூச்சி. மனதில் இருந்தது வேறு.

தெக்கிளா காப்பித் தட்டோடு அடுத்தவரிடம் போனாள். மறுநாள் கவுன் வந்தது, துவைத்து, தேய்த்து, மடித்து, வேறொருத்தி கையில். இடுப்பைச் சுற்றி ஒரு பூ இல்லை. வெட்டியெடுத்த இடங்களில் நூல் நுனிகள் மட்டும் வரிசையாக நின்றன. விமலி மொட்டை இடுப்போடு அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு பீடத்துக்குப் போனாள், தெக்கிளா அன்று பூசைக்கு வரவில்லை, அதற்குப் பிறகு அவள் எமரன்சியோடு பேசவும் இல்லை.

டிசம்பரில் ஒரு தடவை மட்டும், குட்டைச் சுவரின் மேலே, "சூடு, பாத்து." "பிடிச்சிட்டேன்."

இப்படியே வருடங்கள் போயின. விமலிக்குக் கல்யாணம் ஆயிற்று, தெக்கிளாவின் மகன் லெயோ கப்பல் வேலைக்குப் போனான், எமரன்சியின் புருஷன் இறந்தான், அவன் சவப்பெட்டிக்குச் சாட்டின் பூவெல்லாம் தெக்கிளாதான் செய்து வைத்தாள், தம்பி அல்லவா, ஆனால் எமரன்சியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு ஒரு டிசம்பரில் அச்சு கை மாறும்போது, "பிடிச்சிட்டேன்" என்று சொன்ன தெக்கிளா உடனே திரும்பிப் போகாமல், ஒரு நிமிஷம் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"தேங்காப்பால் கூடிப்போச்சோ?" என்றாள். "தெரு முனைக்கு மணக்கு."

எமரன்சி வாயைத் திறக்கும் முன்னால் தெக்கிளா போய்விட்டாள். அன்று சுட்ட முறுக்கு எதுவும் எமரன்சிக்கு ருசிக்கவில்லை, அழுதுகொண்டே சுட்டாள், அழுதுகொண்டே டப்பாவில் அடுக்கினாள், மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று சொல்லிவிட்டாள், "தாயே, அடுத்த வருசம் அச்சு குடுக்கும்போது நான் மன்னிப்புக் கேட்டிருவேன். மைனி, அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுன்னு சொல்லிருவேன்." வருடம் முழுக்க அந்த வார்த்தைகளைச் செபமாலையோடு சேர்த்து உருட்டினாள். பாத்திரம் துலக்கும்போது சொல்லிப் பார்த்தாள், மீன் அரியும்போது சொல்லிப் பார்த்தாள். நேரே எட்டிப் பார்த்து இப்போதே சொல் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்துப் புறவாசல்தான், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனாலும் அச்சு வரட்டும் என்று இருந்தாள். கையில் சூடாக ஏதோ ஒன்று இருந்தால் பேசுவது எளிது என்று நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம்.

அச்சில் முதலாவது விழுகிற முறுக்கு எப்போதும் உடையும். உடைந்ததை எறும்புக்கு என்று சுவரோரம் போடுவார்கள். இந்தப் பக்கத்திலிருந்து எமரன்சி போட்டது, அந்தப் பக்கத்திலிருந்து தெக்கிளா போட்டது, எத்தனையோ வருடமாக ஒரே இடத்தில் விழுந்து செம்மண்ணில் மட்கியது. அந்த வருடம் மழை நின்றதும் அங்கே ஒன்று முளைத்தது. கற்றாழை மாதிரி, தடித்த இலைகள் தரையோடு வட்டமாக விரிந்து, வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கி, பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு பெரிய அச்சு முறுக்கைத் தரையில் வைத்த மாதிரி இருந்தது. வேர் சுவரைப் பிளந்து பாதிச் செடி இந்தப் பக்கமும் பாதிச் செடி அந்தப் பக்கமுமாக வளர்ந்தது. திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு காலையில் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பியது, தண்டு முழுக்க மாவு நிறத்தில் மொட்டு, வெயில் ஏற ஏறச் சடசடவென்று பொரிகிற சத்தத்தோடு மொட்டுகள் விரிந்து சிவந்தன, உச்சிக்கு முன்னால் அத்தனையும் அச்சு முறுக்கு, எள்ளோடு.

முதலில் பார்த்தது பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மிக்கேலம்மா. "ஏளா எமரன்சி, உன் செவுத்துல பலகாரம் காய்ச்சிருக்கு, நீ என்ன உள்ள கெடந்து தூங்குத?" என்று கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்ட வாயோடு ஒன்றை ஒடித்துக் கடித்துப் பார்த்தாள். "சீனி சரியா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்த்த மாதிரியே நடந்தது. பங்குசாமி வந்து தீர்த்தம் தெளித்தார், ஒரு முறுக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நன்றி சொல்லி உண்ணுங்கள் என்று சொல்லி, அதை அங்கேயே தின்றுவிட்டு தன் வீட்டுக்கும் ஒரு தட்டு அனுப்பச் சொன்னார். கோயில் மணி அடிக்கும் முன்னால் யாரும் பறிக்கக்கூடாது என்று உபதேசியார் சட்டம் வைத்தார். மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டில், வருடா வருடம் கிறிஸ்துமஸ் தட்டை வாசலில் வாங்கி வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுகிற ஆச்சி, இதில் முட்டை உண்டா இல்லையா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். தெருவே கூடி யோசித்தது. செடியில் காய்த்தது எப்படி முட்டையாகும், இது மரக்கறிதான் என்று முடிவாயிற்று, ஆச்சி வாழ்க்கையில் முதல் தடவையாக அச்சு முறுக்குத் தின்று, "இத்தன வருசம் இதயா வேண்டாம்னேன்" என்று வருத்தப்பட்டார்கள். அண்ணாச்சிக்கு வேறு வருத்தம், தேங்காயும் எண்ணெயும் விற்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் கீரை மாதிரித்தானே இதுவும் என்று டாக்டரிடம் போய் வாதாடி ஏச்சு வாங்கி வந்தார். விவசாயக் கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து பக்கக்கன்று பிடுங்கிக்கொண்டு போனார்கள், அங்கே அது வெறும் கற்றாழையாக நின்றது. மழை பெய்தால் முறுக்கு நமுத்துப்போகிறது என்று இளவட்டங்கள் தார்ப்பாய் கட்டினார்கள். தெக்கிளாவிடம் கல்யாணப்பெண்கள் வந்து, ரோஜா வேண்டாம், செடிப்பூ மாதிரி ரிப்பனில் செய்து ரவிக்கைக் கையில் வைத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள், அவளும் வைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பூ வரையச் சொன்னால் தெருப்பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் வரைந்தன, டீச்சரும் சரி போட்டார். இரண்டாவது வருடம் யாருக்கும் அது அதிசயமாகத் தெரியவில்லை, மல்லிகை சரியில்லை, மழை அதிகம் என்று சொல்கிற மாதிரி, இந்த வருசம் எள்ளு கம்மி என்று சொன்னார்கள்.

தெரு முழுக்கப் போதும்படி பறிக்கப் பறிக்கப் பூத்தது, அடுப்பு மட்டும் யாரும் மூட்டவில்லை. அச்சு கோயில் சாமான் அறையில் மெழுகுத்திரிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது.

எமரன்சி காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பறிப்பாள். அதே நேரம் அந்தப் பக்கம் தெக்கிளா பறிப்பாள். தண்டும் தார்ப்பாயும் மறைக்கும், முகம் தெரியாது, காம்பு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்கும். இங்கே ஒரு ஒடி, அங்கே ஒரு ஒடி. சில சமயம் எமரன்சி கையை நிறுத்துவாள், அந்தப் பக்கமும் சத்தம் நிற்கும். வருடம் முழுக்க உருட்டிய வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வரும். ஆனால் கொடுக்க ஒன்றும் இல்லை, வாங்க ஒன்றும் இல்லை, அவரவர் பக்கம் அவரவருக்குப் போதுமான அளவு காய்த்திருந்தது. மறுபடியும் ஒடிக்கத் தொடங்குவார்கள்.

மூன்றாவது டிசம்பரில் எமரன்சி பொறுக்கமாட்டாமல் உபதேசியாரிடம் போய் அச்சைக் கேட்டு வாங்கி வந்தாள். யாருக்கும் சொல்லாமல் அரிசி இடித்து, தேங்காய்ப்பால் பிழிந்து, வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்து, எண்ணெய் காயவைத்து அச்சைப் பழக்கினாள். மதியத்துக்கு மேல் அச்சு வழிக்கு வந்தது. முறுக்குகள் கழன்று விழுந்தன. அந்தச் சூட்டோடு கம்பியில் துணியைச் சுற்றிக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள்.

சுவரோரம் மிக்கேலம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் பறித்ததைச் சுளகில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எம்மா, இங்க பாருங்கட்டி!" என்றாள் மிக்கேலம்மா. "கடவுளே குடுத்தாலும் எமரன்சிக்கு ருசி பத்தாதாம், செடிக்குப் போட்டியா கட வைக்கா!"

"இல்ல, செடிக்குச் சூடு போடப் போறா, எள்ளு நல்லா வரட்டும்னு" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், விஷம் இல்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத் தெக்கிளா தன் புறவாசலுக்கு வந்து நின்றாள். கையில் நாலாக மடித்த துணி இருந்தது. அவள் கண் அச்சைப் பார்த்தது, பிறகு எமரன்சியைப் பார்த்தது. அவள் ஒரு படி கீழே இறங்கினாள்.

அந்த நேரத்தில் எமரன்சிக்கு வெட்கம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் எப்படி என்று நினைத்தாள். "ஒண்ணுமில்லக்கா, களிம்பு பிடிச்சிருச்சான்னு பாத்தேன்" என்று மிக்கேலம்மாவிடம் சொல்லி, சொன்னதை மெய்யாக்குகிறவள் போலத் திரும்பி, கிணற்றடி வாளியில் அச்சை முக்கினாள். சொய்யென்று ஆவி எழும்பியது. ஆவி அடங்கி நிமிர்ந்தபோது தெக்கிளாவின் கதவு சாத்தியிருந்தது.

மடித்த துணியோடு எதற்காக வந்தாள் என்று அன்று எமரன்சி யோசிக்கவில்லை. தையல்காரி கையில் துணி இருப்பது என்ன புதுசா என்றுதான் நினைத்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் தெக்கிளா இறந்தாள். காலையில் பூசைக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தார்கள், கட்டிலில் செபமாலையோடு கிடந்தாள், நல்ல சாவு என்று சொன்னார்கள். பெட்டி வந்தது. தெருவில் யார் இறந்தாலும் பெட்டிக்குச் சாட்டின் பூ செய்பவள் அவள்தான், அவள் பெட்டிக்குச் செய்ய ஆள் இல்லை. எமரன்சி ரிப்பனை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து விரலில் சுற்றினாள். சுற்றச் சுற்ற அவிழ்ந்தது. ஒன்றுகூடப் பூவாக வரவில்லை, வந்த மாதிரியே வைத்தாள்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு லெயோ ஒரு பிஸ்கட் டப்பாவோடு எமரன்சி வீட்டுக்கு வந்தான்.

"அத்த, இது அம்மா அடுப்படியில இருந்திச்சு. உங்ககிட்டக் குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தா."

திறந்து பார்த்தாள். வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன ரிப்பன் ரோஜாக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெட்டிய நூல் நுனி.

"விமலி மகளுக்குப் புதுநன்ம வருதுல்லா, அதுக்கு ஆவும்னா," என்றான் லெயோ. "நீயே போய்க் குடுக்க வேண்டியதானன்னு கேட்டேன். அச்சு வரும்போது குடுத்துக்கிடுதேன், சும்மா கொண்டுபோய் நீட்டுனா என்னவோ மாதிரி இருக்கும்னா. பெறகு ஒவ்வொரு தடவ போன் பண்ணும்போதும், இந்த வருசமும் அச்சு வரலடான்னு சொல்லுவா. எனக்குச் சிரிப்பா இருக்கும். அந்தச் செடி இருக்கும்போது அச்சு எதுக்கும்மா வரும்னு கேப்பேன்."

எமரன்சி டப்பாவை மூடி மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். லெயோ இரண்டு நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டான்.

விமலியின் மகள் அந்தப் பூக்களை இடுப்பில் வைத்துக்கொண்டு பீடத்துக்குப் போனாள். துணி வெள்ளை, பூ மஞ்சள், பொருந்தவே இல்லை, மாற்று என்று எல்லாரும் சொன்னார்கள், எமரன்சி மாற்றவில்லை.

திருவருகைக் காலம் மறுபடி வந்தது. அவள் அச்சை வாங்கி வந்து, எண்ணெய் காயவைத்து, அரைநாள் பழக்கி, சுட்டு முடித்த சூட்டோடு கம்பியில் துணியைச் சுற்றிக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். சுவரோரம் அதே பெண்கள் இருந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மிக்கேலம்மா சுளகை நகர்த்தி வழிவிட்டாள்.

சுவரைச் சுற்றிப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, எமரன்சி அச்சை நீட்டினாள்.

"சூடு, பாத்து, மைனி" என்றாள். பிறகு, வருடக்கணக்காக உருட்டி உருட்டித் தேய்ந்துபோன அந்த வார்த்தைகளையும், எல்லாருக்கும் கேட்கும்படி, ஒன்று விடாமல் சொன்னாள்.

கை வலித்தது, ஆனாலும் நீட்டியபடியே நின்றாள். பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. வெறும் கையால் தொடலாம் என்கிற அளவுக்கு ஆறியபோது, துணியை அவிழ்த்து, அதை நாலாக மடித்துக் கதவுப் பிடியில் செருகிவிட்டுத் திரும்பினாள்.

செடி அந்த வருடமும் பூத்தது. எள்ளு நன்றாக வந்திருக்கிறது என்று தெருவெல்லாம் சொன்னார்கள். தெருவார் பறித்தது போக, எமரன்சி தன் பங்குப் பூவைப் பறிக்கவில்லை, தெக்கிளாவின் பங்கைப் பறிக்க ஆள் இல்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் அவை மழை ஈரத்தில் நமுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று, ஒரே மண்ணில் விழுந்தன.